வேலை போனவருக்கான உதவி ஏன் வட சென்னைக்கு வந்து சேர்வதில்லை

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவன். மணலி பக்கம் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நாலு வருடம் இருந்தான். முதலில் லேத், அப்புறம் சி.என்.சி. மெஷின். கேட் மாறவில்லை, மெஷின் மாறவில்லை. சம்பளம் கொடுக்கும் காண்ட்ராக்டர் மட்டும் இரண்டு முறை மாறினார். கடைசியில் ஆர்டர் குறைந்துவிட்டது என்று பதினாலு பேரை நிறுத்தினார்கள். நிறுத்திய அன்று ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று அவரவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

"எழுதிக் குடுத்தாதான் பாக்கி துட்டு கைக்கு வரும்னாங்கக்கா. எழுதிட்டேன்" என்றான்.

ஒன்பதாயிரம் ரூபாய் வந்தது. அதில் பாதிக்கு மேல், அந்த மாதம் அவன் ஏற்கெனவே உழைத்து முடித்திருந்த நாட்களின் கூலி.

நம் நாட்டில் வேலை இழந்தவருக்கு உதவியே இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இருக்கிறது. ஒன்றுக்கு மூன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு விதி நிற்கிறது. நிரந்தர வேலை, ஒரே முதலாளி, கையில் ஆர்டர் காப்பி என்று இருந்த ஒரு தொழிலாளியை மனதில் வைத்து எழுதிய விதி அது. இன்றைய திருவொற்றியூரிலும் வியாசர்பாடியிலும் வேலை போகும் விதமே வேறு.

முதலில் அந்தக் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு முதலாளியிடம் ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், அல்லது ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். அதோடு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடு. ஆறு மாதத்துக்கு மேல் போனால் அதையும் முழு வருடமாகக் கணக்கிட வேண்டும். 1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. தம்பியின் சம்பளம் 15,000 ரூபாய். கடைசி காண்ட்ராக்டரிடம் ஒரு வருடம் எட்டு மாதம். ஆக இரண்டு வருடக் கணக்கில் 15,000, நோட்டீஸ் சம்பளம் 15,000, மொத்தம் 30,000. புதிய சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. ஆட்குறைப்புக்கு ஆளானவர் வேறு தொழில் கற்றுக்கொள்ள, முதலாளி 15 நாள் சம்பளத்தை ஒரு நிதியில் கட்ட வேண்டும். 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும்.

இவ்வளவும் 'ஆட்குறைப்பு' என்ற ஒரே சொல்லில் தொங்குகிறது. தானாக விலகினால் அது ஆட்குறைப்பு ஆகாது. ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விட்டாலும் ஆகாது. அதனால்தான் அந்த வெள்ளைத்தாள் வருகிறது. காண்ட்ராக்டருக்கு முப்பதாயிரம் மிச்சம், பதினாலு பேருக்குச் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது இ.எஸ்.ஐ., சம்பளத்தில் பிடித்துக் கட்டும் தொழிலாளர் காப்பீடு. நம் பக்கத்தில் இ.எஸ்.ஐ. என்றாலே அயனாவரம் ஆஸ்பத்திரிதான். பிரசவம், சர்க்கரை மாத்திரை, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். வேலை போனால் அங்கிருந்து பணம் வரும் என்று நான் கேட்டவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. 2005 ஏப்ரல் முதல் இருப்பது ராஜீவ் காந்தி ஸ்ரமிக் கல்யாண் யோஜனா. ஆலை மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பு நடந்தாலோ, வேலையால் வராத காயத்தில் நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ, முதல் வருடம் சம்பளத்தில் பாதியும் இரண்டாம் வருடம் கால்பங்கும் கிடைக்கும். இரண்டாவது, 2018 ஜூலையில் இரண்டு வருடச் சோதனையாகத் தொடங்கி, நீட்டிப்பு மேல் நீட்டிப்பாக ஓடிக்கொண்டிருக்கும் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. இதில் அதிகபட்சம் 90 நாள். வாழ்நாளில் ஒரே முறை. முதலில் சம்பளத்தில் கால்பங்காக இருந்தது. கொரோனா ஊரடங்கு வந்தபோது, 2020 மார்ச் 24 முதல் பாதியாக உயர்த்தினார்கள். வேலை போய் 90 நாள் கழித்துத்தான் கேட்கலாம் என்றிருந்ததை 30 நாளாகக் குறைத்தார்கள். முதலாளி வழியாகப் போகாமல் தொழிலாளியே நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்றும் ஆக்கினார்கள். இந்த மூன்றும் நல்ல மாற்றங்கள், சந்தேகமில்லை.

15,000 சம்பளக்காரருக்கு இதில் ஒரு நாளைக்கு 250 ரூபாய். 90 நாளைக்கு 22,500. வீட்டு வாடகையும் மளிகையும் சமாளித்துக்கொண்டு, ஓடி ஓடி எதையாவது பிடிக்காமல் தன் தொழிலிலேயே வேலை தேட இது போதும்.

தம்பிக்கு ஏன் கிடைக்கவில்லை? இரண்டு வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். அவன் சம்பளத்தில் நாலு வருடமாக இ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறார்கள். முக்கால் சதவீதம் அவனுடையது, மூன்றேகால் சதவீதம் முதலாளியுடையது. இ.எஸ்.ஐ. எண் என்பது ஒருவருக்கு ஆயுளுக்கும் ஒன்றுதான். ஆனால் காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பழைய எண்ணைக் கேட்காமல் புதிதாக ஒரு எண் போட்டுவிட்டார்கள். அவனிடம் மூன்று கார்டு இருக்கிறது. கடைசிக் கார்டைப் பார்த்தால் அவன் இருபது மாதத் தொழிலாளி. இரண்டு வருடத்துக்கு நாலு மாதம் குறைகிறது.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் கவனிக்காதது. ஒருவருக்கு அந்த மாதம் சம்பளம் இல்லை என்றால், இ.எஸ்.ஐ. தளத்தில் முதலாளி காரணத்தைத் தேர்வு செய்ய வேண்டும். ஒரு பட்டியல் விரியும். அதில் 'வேலையை விட்டார்' என்று ஒன்று, 'ஆட்குறைப்பு' என்று ஒன்று, 'வேலை இல்லை' என்று ஒன்று. காண்ட்ராக்டர் ஆபீசில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் பையன் நூறு பேருக்கு வரிசையாக 'வேலையை விட்டார்' என்று தட்டிக்கொண்டே போவான். அவனுக்கு அது ஒரு நொடி வேலை. அந்த நொடியில் முதல் திட்டத்தின் கதவு மூடிவிடுகிறது.

காண்ட்ராக்டர்கள் ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறார்கள் என்று கேட்டால், அதற்கும் பின்னால் ஒரு நல்ல சட்டம்தான் நிற்கிறது. 1981-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். தொழிலாளிக்காகவே எழுதப்பட்ட சட்டம். ஆனால் 480-ஐத் தொடாமல் பார்த்துக்கொள்வது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. 'பிரேக்' கொடுப்பது என்பார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் வீட்டில் இரு என்பார்கள், இல்லையென்றால் காண்ட்ராக்டரை மாற்றுவார்கள். நிரந்தரத்தைத் தவிர்க்கச் செய்யும் அதே வேலை, வேலையில்லாக் காலத்து உதவிக்குத் தேவையான தொடர்ச்சியையும் சேர்த்து அறுத்துவிடுகிறது.

சரி, மாநில அரசின் உதவித்தொகை? எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்துவைத்திருப்போருக்கு மாதாமாதம் கணக்கிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கியில் போடுவார்கள். பத்தாவது தவறியவருக்கு 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாவது முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். மூன்று வருடம் கிடைக்கும். பதிந்து ஐந்து வருடம் காத்திருந்திருக்க வேண்டும். நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என்றால் 45. குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000-ஐத் தாண்டக் கூடாது. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்பட்டம் படித்தவர்களுக்குக் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் விதிகள் கொஞ்சம் மனிதத்தன்மையோடு இருக்கின்றன: ஒரு வருடம் காத்திருந்தால் போதும், 600 முதல் 1,000 ரூபாய் வரை, பத்து வருடத்துக்கு.

72,000 என்றால் மாதம் 6,000. ராயபுரத்தில் வீட்டில் ஒருவர் லோடு தூக்கினாலும், ஒருவர் வீட்டு வேலைக்குப் போனாலும் அதைத் தாண்டிவிடும். அந்த வருமானத்துக்குள் ஒரு குடும்பம் உண்மையிலேயே இருந்தால், அது ஐந்து வருடம் காத்திருக்கும் நிலையில் இல்லை.

இதைவிட என்னை உறுத்துவது வேறொரு நிபந்தனை. உதவி பெறுபவர் எந்த வேலையும் செய்யக் கூடாது, சுயதொழிலும் கூடாது. அப்படி எதுவும் செய்யவில்லை என்று வருடா வருடம் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். மாதம் 600 ரூபாயில் யார் சும்மா இருக்க முடியும்? டியூஷன் எடுப்பார்கள், கல்யாணச் சமையலுக்குப் பரிமாறப் போவார்கள், ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வெட்டுவார்கள். மனசாட்சி உள்ளவர் கையெழுத்துப் போடாமல் விட்டுவிடுகிறார். போட்டவர் பயந்துகொண்டே இருக்கிறார், பி.எஃப். பிடிக்கிற வேலைக்கு அழைத்தால்கூடப் பதிவில் வந்துவிடுமோ என்று தயங்குகிறார். ஏமாற்றுபவர்களைத் தடுக்க எழுதிய விதி, நேர்மையானவர்களை வெளியே தள்ளுகிறது. முறையான வேலைக்குப் போக நினைப்பவரை முறைசாரா வேலையிலேயே நிறுத்திவைக்கிறது.

பட்டதாரிக்கு மூன்று வருடம் சேர்த்தால் 21,600 ரூபாய். இ.எஸ்.ஐ. திட்டத்தில் 90 நாளில் வரும் 22,500-ஐவிடக் குறைவு. தொகை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்று வேலை போன சில மாதத்திலேயே வந்து குடும்பத்தைத் தாங்கும். மற்றது ஐந்து வருடம் கழித்து வந்து போன் ரீசார்ஜுக்கும் பஸ்சுக்கும் போய்விடும்.

நம் பகுதியிலேயே ஒழுங்காக நடக்கும் ஒரு வேலையில்லா உதவி இருக்கிறது. அதை யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடலில் விசைப்படகுகள் போகக் கூடாது. மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களுக்குக் கடலோர மீனவக் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்கினார்கள். இதைத் தவிர, சேமிப்பு நிவாரணம் என்று ஒன்று: மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய அரசும் மாநில அரசும் ஆளுக்கு 1,500 போட்டு 4,500 ஆகத் திருப்பித் தருகின்றன.

தொகை போதாது என்று காசிமேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் இந்த உதவி போய்ச் சேர்கிறது. ஏனென்றால் வேலை போனதை நிரூபிக்கும் பாரம் மீனவர் தலையில் இல்லை. காலண்டரே சாட்சி. நீயாக நின்றாயா, நிறுத்தினார்களா என்ற கேள்வி எழவே இல்லை. அந்த 61 நாளில் வலை பின்னினாலும் படகுக்குப் பெயிண்ட் அடித்தாலும் நிவாரணத்தை யாரும் பிடுங்குவதில்லை. அதை வாங்கியதால் எந்த மீனவரும் ஜூன் 15 அதிகாலையில் கடலுக்குப் போகாமல் இருந்ததாக நான் பார்த்ததில்லை. தடை முடியும் ராத்திரி துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள், ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு படகுகள் வரிசைகட்டி நிற்கும். இதிலும் விடுபட்டவர்கள் உண்டு. ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர் போன்றவர்கள். படகு நின்றால் அவர்களுக்கும் வேலை இல்லை. ஆனால் அவர்கள் கடலுக்குப் போவதில்லை, அதனால் கணக்கில் வருவதில்லை.

உதவி கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்ற பேச்சு எப்போதும் உண்டு. பொருளாதாரத்தில் இதை நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். உதவி கூடினால் வேலை தேடும் காலம் நீள்கிறது என்பது உண்மை. ஆனால் ஏன் நீள்கிறது? அமெரிக்கப் பொருளாதார வல்லுநர் ராஜ் செட்டி 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பிரித்துப் பார்த்தது. நீளும் காலத்தில் சுமார் 60 சதவீதம், கையில் காசு இருப்பதால் அவசரப்படாமல் தேட முடிவதால் வருவது என்றது அது. உதவி இருக்கும்போது வேலைக்கு எதற்குப் போக வேண்டும் என்ற எண்ணத்தால் வருவது மிச்சம்தான். கையில் சேமிப்பு இல்லாதவர்களிடம்தான் இந்த நீளல் அதிகம். சேமிப்பு உள்ளவர்களுக்கு உதவி வந்தாலும் வராவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பின்லாந்து 2017, 2018 ஆகிய இரண்டு வருடம், வேலையில்லாத 2,000 பேருக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்தது. அவர்கள் வேலைக்குப் போவது குறையவில்லை, கொஞ்சம் கூடவே செய்தது.

அந்தத் தேடும் காலம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தம்பியே உதாரணம். வேலை போன பதினோராவது நாள் மாதவரத்தில் ஒரு கோடவுனில் சேர்ந்துவிட்டான். அட்டைப்பெட்டி அடுக்கி, டேப் ஒட்டி, ஸ்டிக்கர் போடும் வேலை. 12,500 சம்பளம். மாதம் 2,500 குறைவு, வருடத்துக்கு 30,000. அடல் திட்டத்தில் கேட்க 30 நாளாவது வேலையில்லாமல் இருக்க வேண்டும். கார்டு சரியாக இருந்திருந்தாலும் அவனால் அந்த முப்பது நாளைத் தாண்டியிருக்க முடியாது. குழந்தைக்குப் பால், வண்டிக்கு டியூ, அஞ்சாம் தேதி வாடகை. காத்திருக்க முடிந்தவருக்கே உதவி என்று விதி சொன்னால், காத்திருக்க முடியாதவர் என்ன செய்வார்?

இது அவன் குடும்பத்தோடு நிற்கவில்லை. அம்பத்தூரிலும் எண்ணூர் பக்கத்திலும் மெஷின் ஓட்டத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்று சிறுபட்டறைக்காரர்கள் புலம்புகிறார்கள். மைக்ரோமீட்டர் பிடித்து நூலிழை அளவு பார்க்கத் தெரிந்த ஒருவன் மாதவரத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறான். அரசுச் செலவில் ஐ.டி.ஐ.யில் கற்ற தொழில் அது. இரண்டு வருடம் கை விட்டுப்போனால் புது மெஷினின் புரோகிராம் பிடிபடாது. இன்னொரு பக்கம், காலை ஏழு மணிக்கு முன்பே மேஸ்திரிக்காக ஆட்கள் காத்து நிற்கும் தெருமுனைகள் நம் பகுதியில் பல உண்டு. அங்கே நிற்பவருக்கு ஒரு வாரம் வீட்டில் உட்கார வழியில்லை என்பது மேஸ்திரிக்குத் தெரியும். போன மாதத்துக் கூலியையே இந்த மாதமும் அவர் சொல்ல முடிகிறது. உதவித்தொகை என்பது அதை வாங்குபவருக்கு மட்டும் நடப்பதில்லை; இந்தக் கூலிக்கு வரமாட்டேன் என்று சொல்லும் தெம்பை அது பக்கத்தில் நிற்பவருக்கும் கொடுக்கும்.

ஜெர்மனியில் விதிகள் இல்லாமல் இல்லை. கடுமையாகவே இருக்கின்றன. முப்பது மாதத்தில் பன்னிரண்டு மாதம் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். ஆனால் முதலாளி மாறினாலும் அந்தக் கணக்கு தொழிலாளியோடு போகும். தக்க காரணம் இல்லாமல் தானாக வேலையை விட்டவருக்குக்கூட உதவி அடியோடு இல்லை என்பதில்லை. பொதுவாக பன்னிரண்டு வாரம் தள்ளிவைப்பார்கள். உதவி பெறும்போது வாரம் 15 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்யலாம், மாதம் 165 யூரோ வரை சம்பாதித்தால் உதவியில் கழிக்கமாட்டார்கள். அந்தத் தொகையை நாம் கொடுக்க முடியாது என்பது தெரிந்ததுதான். ஆனால் எண் ஒன்றாக இருப்பதற்கும், சின்ன வேலையை அனுமதிப்பதற்கும் பெரிய பணம் தேவையில்லை.

பெரம்பூரில் பின்னி மில் ஓடிய காலத்தில் வேலை என்றால் தலைமுறை தலைமுறையாக ஒரே கேட். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். 1996-இல் மில் நின்றபோது இந்த இ.எஸ்.ஐ. திட்டங்கள் எதுவும் இல்லை. உதவி வந்தபோது அந்த மாதிரி வேலைகள் பெரும்பாலும் போய்விட்டன. இப்போது அதே தெருக்களில் சாப்பாடு டெலிவரி செய்யும் பையன்களுக்கு வேலை போகும் விதம் இன்னும் புதிது. "ஐடி பிளாக் ஆயிடுச்சு" என்பார்கள், அவ்வளவுதான். நோட்டீஸ் இல்லை, கடிதம் இல்லை, கேட்கக்கூட ஆள் இல்லை. 2023 டிசம்பரில் தமிழ்நாடு இவர்களுக்காக ஒரு நல வாரியம் அமைத்தது. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டமும் இவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, விபத்து, மருத்துவம், மகப்பேறு, முதுமை என்று பட்டியல் போடுகிறது. வேலையில்லாக் காலம் அந்தப் பட்டியலில் இல்லை.

தம்பியின் மூன்று இ.எஸ்.ஐ. எண்களையும் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லி கிளை அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். ஆதார் நகல், பேங்க் புத்தகம், மூன்று காண்ட்ராக்டர்களின் சம்பளச் சீட்டு என்று கேட்டார்கள். முதல் காண்ட்ராக்டரின் சீட்டு ஒன்றுதான் கிடைக்காமல் இருந்தது. சித்தி அரிசி டின்னுக்கு அடியில் விரித்திருந்த பழைய பேப்பர்களுக்குள்ளிருந்து போன வாரம் எடுத்துக் கொடுத்தார்கள்.